இரண்டாம் சிலிண்டரில் திரும்பத் திரும்ப மிஸ்ஃபயர்: காயில், பிளக், இஞ்ஜெக்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது

#1 நெடுஞ்சாலை

எல்லோருக்கும் வணக்கம். நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் வண்டி. வாங்கி ஆறு வருடம், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான்கு மாதமாக ஒரே பிரச்சினை போய்ப் போய் வருகிறது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டி உதறுகிறது. ஸ்டியரிங்கில் கை வைத்தாலே நடுக்கம் தெரியும். சைலன்சர் சத்தம் சீராக வராமல் விட்டு விட்டு வரும். 40, 50 நொடி இப்படி. அப்புறம் தானாகவே சரியாகி, நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடும். சில நாள் உதறலே இருக்காது. ஸ்கேன் செய்தால் எப்போதும் ஒரே கோடு: பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்.

சர்வீஸ் சென்டரில் முதல் தடவை காயில் மாற்றினார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது, மறுபடி வந்தது. அடுத்து நான்கு பிளக்கும் மாற்றினார்கள், ஒரு மாதம் ஓடியது. மூன்றாம் தடவை இரண்டாம் சிலிண்டரின் இஞ்ஜெக்டர். போன வாரம் மறுபடி உதறல். இப்போது "பெட்ரோல் சரியில்லை, வேறு பங்கில் போட்டுப் பாருங்கள்" என்கிறார்கள்.

என் கவலை செலவு மட்டுமில்லை. போன வாரம் என் மனைவி காலையில் வண்டியை எடுத்தவுடன் மேம்பாலம் ஏறியிருக்கிறாள். ஏற்றத்தில் பிக்கப் செத்துப்போய், செக் எஞ்சின் லைட் மினுக்கி, பின்னால் லாரி ஹாரன் அடிக்க, பயந்தே போய்விட்டாள். அதிலிருந்து அந்த வண்டியை எடுக்கவே மாட்டேன் என்கிறாள். யாராவது வழி சொல்லுங்கள்.

#2 இரண்டாம்கியர்

லைட் மினுக்கியது என்கிறீர்களே. மினுக்கினால் உடனே ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். மிஸ்ஃபயரை விட அந்தச் செலவு பெரியது.

#3 தும்பை

என் வண்டியிலும் தொல்லைதான், ஆனால் வேறு வகை. ஆயில் குடிக்கிறது. 1000 கி.மீ.க்கு கிட்டத்தட்ட அரை லிட்டர். கேட்டால் "கையேட்டில் அந்த அளவு வரை அனுமதி உண்டு" என்று காட்டுகிறார்கள். இந்த இழையிலேயே கேட்கலாமா, தனியாகத் தொடங்கட்டுமா?

#4 பட்டறைக்காரர்

தும்பை அம்மா, இங்கேயே கேளுங்கள், ஒன்றும் தப்பில்லை. முதலில் நெடுஞ்சாலை சார் விஷயம்.

சார், 27 வருடமாகக் கை கறுப்பாக இருக்கும் ஆள் நான். பி0302 என்பது நோயின் பெயர் இல்லை. "இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை" என்கிறது, அவ்வளவுதான். ஏன் எரியவில்லை என்று அந்தக் கோடு சொல்லாது. எரிய நான்கு விஷயம் வேண்டும்: தீப்பொறி, பெட்ரோல், சரியான அளவு காற்று, கம்ப்ரஷன். உங்களுக்கு முதல் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். மாற்றும் முன் அவை கெட்டதுதானா என்று யாராவது சோதித்தார்களா? இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றில் போட்டு, மூன்றில் இருந்ததை இரண்டில் போட்டு ஓட்டியிருக்க வேண்டும். கோடு பி0303 ஆக மாறினால் காயில் குற்றவாளி. மாறாமல் இரண்டிலேயே நின்றால் காயில் நிரபராதி. பத்து நிமிட வேலை.

இரண்டு கேள்வி:
வண்டி எப்போதாவது ஓவர்ஹீட் ஆனதுண்டா?
மூன்று சர்வீஸ் பில்லையும் ஒரு வரி விடாமல் இங்கே எழுத முடியுமா?

#5 டீசல்பிரியன்

பெட்ரோல் சரியில்லை என்ற பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. பெட்ரோல் கெட்டது என்றால் நான்கு சிலிண்டருக்கும் ஒரே டாங்கிலிருந்துதானே போகிறது? இரண்டாவது மட்டும் ஏன் மிஸ்ஸிங் அடிக்க வேண்டும்?

#6 நெடுஞ்சாலை

நன்றி சார். பில்லில் உள்ளபடி எழுதுகிறேன்.

78,900 கி.மீ.: காயில் ஒன்று, கோடு அழிப்பு, கூலண்ட் டாப் அப் 300 மி.லி.
80,100 கி.மீ.: ஸ்பார்க் பிளக் நான்கு, ஏர் ஃபில்டர், கோடு அழிப்பு, கூலண்ட் டாப் அப் 400 மி.லி.
81,300 கி.மீ.: இஞ்ஜெக்டர் ஒன்று, சீல் கிட், த்ராட்டில் பாடி சுத்தம், கோடு அழிப்பு, கூலண்ட் டாப் அப் 600 மி.லி.

ஓவர்ஹீட் ஒரே ஒரு தடவை ஆனது. 14 மாதம் முன்பு, டிராஃபிக்கில் நின்றபோது முள் சிவப்புக்குப் போனது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. பக்கத்துப் பட்டறை வரை மூன்று கி.மீ. மெதுவாக ஓட்டிப் போனேன். ரிலே மாற்றினார்கள், அப்புறம் முள் நடுவிலேயே நிற்கிறது. அது முடிந்துபோன விஷயம் என்று நினைத்தேன்.

#7 இரண்டாம்கியர்

300, 400, 600. ஏறிக்கொண்டே போகிறதே!

#8 பட்டறைக்காரர்

அதேதான் தம்பி. மூன்று தடவை கூலண்ட் ஊற்றியிருக்கிறார்கள், எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கூலிங் சிஸ்டம் மூடிய அமைப்பு. 1200 கி.மீ.க்குள் அரை லிட்டர் ஆவியாகிவிட வழியே இல்லை. வெளியே ஒழுக வேண்டும், இல்லை உள்ளே போக வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் அடைத்து நிற்கும் தகடு) என்று சந்தேகப்படுகிறேன். சந்தேகம்தான், இன்னும் முடிவு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எஞ்சின் சூட்டில் இருக்கும்போது கூலண்ட் சுமார் ஒரு பார் அழுத்தத்தில் இருக்கும். அந்த மூடி அதற்குத்தான். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும், அழுத்தத்தில் அடைத்து வைத்தால் கிட்டத்தட்ட 129 வரை தாங்கும். வண்டி ஓடும்போது சிலிண்டருக்குள் வெடிப்பின் அழுத்தம் பல மடங்கு அதிகம், அதனால் கூலண்ட் உள்ளே வராது. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தவுடன் சிலிண்டர் காலி, கூலண்டில் மட்டும் அழுத்தம் மிச்சம் இருக்கிறது. கேஸ்கெட்டில் மயிரிழை வழி இருந்தால் போதும், ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். காலையில் ஒரு ஸ்பூன் கூலண்ட் இரண்டாம் சிலிண்டரில் காத்துக்கொண்டிருக்கும். பிளக் நனைந்திருக்கும், எரியாது, உதறும். 50 நொடியில் அது ஆவியாகிப் போய்விட்டால் வண்டி தங்கம். நீங்கள் சொன்ன அறிகுறி அத்தனையும் இதில் அடங்குகிறது.

ஓவர்ஹீட்டைக் கேட்டதும் அதற்காகத்தான். அலுமினியம் சூட்டில் விரிவது வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு. ஹெட் ஒரு பக்கம் இழுக்கும், பிளாக் ஒரு பக்கம் இழுக்கும், நடுவில் கேஸ்கெட். முள் சிவப்பில் இருந்த அந்த மூன்று கி.மீ.யில் ஹெட் துளி வளைந்தாலும், அது ஒரு வருடம் கழித்துக்கூட முகம் காட்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ரிசர்வாயரில் கூலண்ட் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். தினமும் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்கள். சூட்டில் மூடியைத் தொடவே தொடாதீர்கள், முகம் வெந்துவிடும். காயில் மாற்றிப் போடும் சோதனையையும் செய்துவிடுங்கள்.

#9 டீசல்பிரியன்

ஒரு சந்தேகம். கோடு அழித்த பிறகு மூன்று வாரம், ஒரு மாதம் நன்றாக ஓடியது எப்படி? கேஸ்கெட் என்றால் அடுத்த நாளே வர வேண்டாமா?

#10 பட்டறைக்காரர்

நல்ல கேள்வி. லைட் எரிவதற்குக் கணக்கு உண்டு. கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவு மிஸ்ஃபயர் என்றால் உடனே மினுக்கும். அதற்குக் கீழே என்றால் கம்ப்யூட்டர் முதல் தடவை குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே குறை வந்தால்தான் லைட்டைப் போடும். ஆரம்பத்தில் ஒழுக்கு சிறியது, ஒரு நாள் வரும், நான்கு நாள் வராது. லைட் இல்லை என்றால் குணமாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மெமரியைத் துடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கூடவே சாட்சியும் போய்விட்டது. கோடு விழும் நொடியில் எஞ்சின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, சுமை எவ்வளவு என்று ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவாகும். அதைப் படமெடுக்காமல் கோடு அழிக்க விடவே விடாதீர்கள். சாரின் வண்டியில் அதைப் பார்த்திருந்தால் ஆறிய எஞ்சினில் மட்டும் வருகிறது என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

#11 கார்முகில்

ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அது நம் வண்டிக்கு மட்டுமா, அந்த எஞ்சினுக்கே உள்ளதா என்றும் தேட வேண்டும். எஞ்சின் பெயரைப் போட்டு ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது), டெக்னிகல் புல்லட்டின் (சர்வீஸ் சென்டர்களுக்குக் கம்பெனி அனுப்பும் பழுதுக் குறிப்பு) இரண்டையும் தேடுங்கள்.

ஹூண்டாயின் தீட்டா 2 எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் கடைந்தபோது மிஞ்சிய உலோகத் துகள் ஆயில் வழியை அடைத்து, கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து எஞ்சினே சீஸ் ஆனது. அமெரிக்காவில் 2015இல் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களுக்கு ரீகால் வந்தது, 2017இல் அது விரிவானது. டொயோட்டாவுக்கும் 2024இல் இதே மாதிரி வந்தது: டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகள் ஒரு லட்சத்துக்கு மேல், எஞ்சினுக்குள் கடைசல் துகள் தங்கிவிட்டது என்பதற்காக. பிஎம்டபிள்யூ என்47 டீசலில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது. செயின் சத்தம் கேட்டால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் கை வைக்க முடியாது. பெஜோ, சிட்ரோயன் வண்டிகளின் 1.2 ப்யூர்டெக் எஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். பெல்ட் ரப்பர் உதிர்ந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்தது. 2024இல் அதற்கு 10 வருடம் அல்லது 1,75,000 கி.மீ. வரை வாரண்டியை நீட்டினார்கள்.

இதையெல்லாம் கம்பெனிகளைத் திட்ட எழுதவில்லை. பலருக்கு வந்த குறை என்று காகிதத்தில் இருந்தால் வாரண்டி முடிந்த பிறகும் பேச இடம் கிடைக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

#12 தும்பை

கார்முகில், ஆயில் குடிப்பதற்கும் அப்படி ஏதாவது உண்டா?

#13 கார்முகில்

உண்டு. டொயோட்டாவின் 2ஏஇசட் எஃப்ஈ எஞ்சின் அதற்குப் பேர் போனது. பிஸ்டன் ரிங் கார்பனில் ஒட்டிப்போய் ஆயில் மேலே ஏறி எரிந்தது, அமெரிக்காவில் பிஸ்டன், ரிங் மாற்றிக் கொடுக்கத் தனி வாரண்டித் திட்டமே போட்டார்கள். உங்கள் வண்டியில் என்ன காரணம் என்று தெரிய முதலில் அளந்து எழுதுங்கள். சமதரையில், எஞ்சின் ஆறிய பிறகு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். தேதி, கி.மீ., ஊற்றிய அளவு மூன்றையும் குறித்து வாருங்கள். முறையான ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ரிங் என்று முடிவு செய்யும் முன் பிசிவி வால்வை (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) பார்க்கச் சொல்லுங்கள். அது கெட்டாலும் ஆயில் போகும், மாற்றுவது மிகச் சின்ன வேலை.

#14 டீசல்பிரியன்

எனக்கு நேர் எதிர். ஆயில் மட்டம் ஏறியது! டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல். முதலில் சந்தோஷப்பட்டேன், பிறகுதான் விஷயம் புரிந்தது. டிபிஎஃப் (டீசல் புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சுத்தமாக வேண்டும் என்று எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். நான் தினமும் ஐந்து கி.மீ. ஓட்டி நிறுத்திவிடுவேன், சுத்தம் பாதியில் நின்றுவிடும். மிச்ச டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஆயில் தண்ணீர் மாதிரி ஆகி டர்போ பேரிங் போனது. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் குறைகிறதா என்று மட்டும் பார்க்காமல், ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

#15 நெடுஞ்சாலை

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். காயிலை மாற்றிப் போட்டேன். கோடு பி0302ஆகவே வந்தது. கூலண்ட் டேப்பிலிருந்து ஒன்றரை விரல் இறங்கிவிட்டது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர் போனேன். நீல நிறத் திரவம் ஊற்றிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார்கள். நிறம் மாறவில்லை. "பாருங்கள் சார், கேஸ்கெட் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். ஆயில் மூடிக்கு அடியிலும் பால் மாதிரி எதுவும் இல்லை. இப்போது எதை நம்புவது?

#16 இரண்டாம்கியர்

கூலண்டில் ஊற்றும் லீக் சீலர் பாட்டில் கிடைக்கிறதே. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதை முயற்சி செய்யலாமே?

#17 பட்டறைக்காரர்

தம்பி, தயவுசெய்து வேண்டாம். அந்தச் சீலருக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. ஹீட்டர் கோர், ரேடியேட்டர் சந்து எல்லாவற்றிலும் போய் உட்காரும். அப்படி அடைத்துக்கொண்டு என்னிடம் வந்த வண்டிகளில் கேஸ்கெட்டோடு ரேடியேட்டரும் மாற்ற வேண்டியதாயிற்று. விற்றுத் தள்ளும் வண்டிக்கு ஊற்றுவார்கள், வாங்குபவன் தலையில் விடியும். அது பாவம்.

நெடுஞ்சாலை சார், அந்த நீலத் திரவச் சோதனை நல்ல சோதனைதான். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் மஞ்சளாகும். மஞ்சள் ஆனால் கேஸ்கெட் போனது நிச்சயம். மஞ்சள் ஆகவில்லை என்றால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உங்கள் ஒழுக்கு நிறுத்திய பிறகு உள்ளே வருகிறது, ஓடும்போது வாயு வெளியே போகவில்லை. ஆயிலில் பால் இல்லாததும் அப்படியே. கூலண்ட் வழி சிலிண்டருக்குத்தான் திறந்திருக்கிறது, ஆயில் வழிக்கு இல்லை. (குளிர்காலத்தில் கொஞ்ச தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் மூடியில் வெறும் ஈரத்தால் பால் படியும், அதைப் பார்த்தும் பயப்படக் கூடாது.)

செய்ய வேண்டிய சோதனை இது: சாயங்காலம் வண்டி சூடாக இருக்கும்போது வெளியே நன்கு கற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள். எஞ்சின் ஆறியதும் கூலிங் சிஸ்டத்துக்குக் கைப்பம்பால் ஒரு பார் அழுத்தம் கொடுத்து ராத்திரி முழுக்க விடச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. முள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்து, துளை வழியே போரஸ்கோப் கேமராவை விட்டு பிஸ்டன் தலையைப் பாருங்கள்.

அதுவரை வண்டியை எடுக்காமல் இருந்தால் நல்லது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. ஒழுக்கு பெரிதாகி ஒரு காலை சிலிண்டர் நிறையக் கூலண்ட் நின்றால், ஸ்டார்ட் செய்த நொடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

#18 நெடுஞ்சாலை

நேற்று ராத்திரி வண்டியை விட்டுவிட்டு, இன்று காலை ஏழு மணிக்கே போய் நின்றேன்.

முள் ஒரு பாரிலிருந்து 0.6க்கு இறங்கியிருந்தது. மெக்கானிக் பிளக்குகளை ஒரு துணியில் வரிசையாக வைத்தார். ஒன்று, மூன்று, நான்கு மூன்றும் வெளிர் பழுப்பு நிறம், ஓடிய பிளக் எப்படி இருக்குமோ அப்படி. இரண்டாவது மட்டும் வெள்ளை வெளேரென்று, கழுவித் துடைத்து வைத்த மாதிரி. நுனியில் ஈரம். மோந்து பார்க்கச் சொன்னார், இனிப்பான வாசனை. கேமராவில் மற்ற மூன்று பிஸ்டன் தலையும் கரி படிந்து கறுப்பாகத் தெரிந்தன. இரண்டாவது பளபளவென்று உலோகம் தெரிய இருந்தது, ஓரத்தில் பச்சையாக ஒரு சொட்டு நின்றது. ஆவி பட்டுப் பட்டுக் கரியைக் கழுவிவிட்டிருக்கிறது என்றார்.

நான்கு மாதமாக எல்லோரும் ஊகித்துக்கொண்டிருந்ததை அந்த ஒரு சொட்டில் பார்த்தேன். படம் எடுத்து வைத்திருக்கிறேன். சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

#19 பட்டறைக்காரர்

நன்றி எல்லாம் இருக்கட்டும், இனிமேல்தான் முக்கியமான வேலை. கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் ஆறு மாதத்தில் மறுபடி இதே இழையில் எழுதுவீர்கள். ஹெட்டைக் கழற்றியதும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து, ஃபீலர் கேஜ் விட்டு, நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வளைவை அளக்க வேண்டும். அந்த எஞ்சினுக்கான சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவைத் தாண்டினால் லேத்தில் ஃபேசிங் கொடுக்க (மட்டமாகக் கடைந்து எடுக்க) வேண்டும். விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் செய்யச் சொல்லுங்கள். ஹெட் போல்ட் புதிதாகப் போட வேண்டும், இந்தக் காலத்து போல்ட் ஒரு தடவை இழுத்தால் நீண்டுவிடும். டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன வரிசைப்படி, சொன்ன டிகிரி அளவு இறுக்க வேண்டும். கண் மதிப்பில் இறுக்குபவரிடம் விடாதீர்கள். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி இரண்டையும் கூடவே புதிதாகப் போட்டுவிடுங்கள். ஃபேன் எத்தனை டிகிரியில் சுற்றத் தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

#20 தும்பை

இடையில் என் செய்தி. பிசிவி வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருந்தது. மாற்றி 900 கி.மீ. ஆகிறது, டிப்ஸ்டிக்கில் அரை நூல்தான் இறங்கியிருக்கிறது. ரிங் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னவர்களிடம் நான் ஒப்புக்கொண்டிருந்தால்? நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. கார்முகில், மிக்க நன்றி.

#21 கார்முகில்

மிகுந்த சந்தோஷம். இன்னும் 2000 கி.மீ. வரை எழுதிக்கொண்டே வாருங்கள். 900இல் முடிவு சொல்ல வேண்டாம்.

#22 நெடுஞ்சாலை

ஏழு வாரம் கழித்து. ஹெட்டை அளந்தபோது இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றுக்கும் நடுவில் 0.09 மி.மீ. பள்ளம். மேனுவலில் அனுமதி 0.05. பழைய கேஸ்கெட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இரண்டாம் சிலிண்டர் வளையத்துக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே பென்சில் கோடு மாதிரி ஒரு துருக்கறை, நகம் அளவு நீளம். இவ்வளவு சின்னக் கோடுதான் காயில், பிளக், இஞ்ஜெக்டர் மூன்றையும் மாற்ற வைத்தது. விரிசல் இல்லை. ஃபேசிங், புது போல்ட், தெர்மோஸ்டாட், மூடி எல்லாம் ஆயிற்று. ஃபேன் சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மூன்று பில், டேப் படம், பிளக் படம், கேமரா படம் எல்லாவற்றையும் கோர்த்து சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் அனுப்பினேன். இஞ்ஜெக்டருக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தருவதாகப் பதில் வந்திருக்கிறது. மற்றதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், விட மாட்டேன்.

#23 டீசல்பிரியன்

கன்வர்ட்டர் தப்பியதா?

#24 நெடுஞ்சாலை

இதுவரை பி0420 (கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் கோடு) வரவில்லை. ஆக்ஸிஜன் சென்சார் அளவுகளை வாரம் ஒரு தடவை பார்க்கிறேன், சீராக இருக்கின்றன. 2400 கி.மீ. ஓடியாகிவிட்டது, கூலண்ட் டேப்பிலேயே நிற்கிறது. அந்த டேப்பை எடுக்க மனசு வரவில்லை.

நேற்றுக் காலை என் மனைவி தானாகவே சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதே மேம்பாலம் வழியாகப் போய் வந்தாள். ஏற்றத்தில் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எந்த ஏற்றம்?" என்றாள்.